கோஸ் கறி

இல்லைங்கோ, காபி வேண்டாம். தண்ணியும் வேண்டாம். இன்னிக்கு எனக்கு ஒரு வேளைதான், அது மத்தியானமே ஆயிடுத்து. அடுப்பு மட்டும் குடுங்கோ. அடுப்பும் அந்தச் சட்டியும். எந்தச் சட்டின்னு எனக்கெப்படித் தெரியும், நீங்கோதான் சொல்லணும். சனிக்கிழமை ஆனா ரகுவுக்குப் பண்ணிப் போடுவேளே, ஒரே சட்டியில கோஸும் சாசேஜும் போட்டு, அந்தச் சட்டி.

ஆமாம், நான்தான் பண்ணப்போறேன். நீங்கோ பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தா போறும். ஏன் ஜோசபின்மா அப்படிப் பாக்கறேள்? புத்தி ஒண்ணும் பேதலிச்சுப் போகலை, நன்னாத்தான் இருக்கேன். மெர்சி எத்தனை மணிக்கு வருவா? ஆறரையா? கம்பெனி பஸ் ட்ரினிட்டி சர்க்கிள்ல விட்டுடும், அங்கேருந்து நடக்கணும்னு ரகு சொல்லுவான். அப்போ ஒரு மணி நேரம் இருக்கு. அவ வரதுக்குள்ள ரெண்டு காரியம் ஆகணும். இதைப் பண்ணி முடிக்கணும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது, அதான் கூடவே இதையும் வெச்சுண்டேன்.

கோஸ் எங்க மல்லேஸ்வரம் மார்க்கெட்லயே வாங்கிண்டேன். இந்தக் கவரை மட்டும் நீங்கோ பிரிங்கோ. வர வழியில ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் கடையில ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஏறச்சேயே ஆட்டோக்காரன் கேட்டான், தேவஸ்தானக்கா அம்மான்னு, கோயிலுக்கான்னு. மடிசார் கட்டிண்டு ஏறினா வேற என்ன கேப்பான், பாவம். இல்லப்பா, சாசேஜ் வாங்கணும்னு கன்னடத்துலயே சொன்னேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

கடைக்காரர் மரியாதையாத்தான் பேசினார். எது வேணும் மேடம், பன்னியா கோழியான்னார். அங்கேயே நின்னுட்டேன் ஜோசபின்மா. என் வயித்துல பொறந்த புள்ளை எதைச் சாப்பிட்டான்னு எனக்குத் தெரியலை. பின்னாடி ஒரு பொம்மனாட்டி நாய்க்கு எலும்பு வாங்க நின்னுண்டிருக்கா, சீக்கிரம் சொல்லுங்கோங்கறா. ரெண்டுலயும் குடுங்கோன்னுட்டேன். எதுன்னு நீங்கோ பார்த்து எடுங்கோ. பன்னிதானா. சரி. இன்னொண்ணை ஃப்ரிட்ஜுல வைங்கோ, ஆருக்காவது ஆகும்.

இருங்கோ, கை அலம்பிண்டு வரேன்.

ம். சொல்றேன். மடிசார் எதுக்குன்னு கேக்க வந்தேள், கேக்காம விட்டுட்டேள். இன்னிக்கு ரகுவுக்கு வருஷத் திவசம். இல்லையில்லை, நீங்கோ மறக்கலை. உங்களுக்குத் தேதி, எங்களுக்குத் திதி. உங்க கோயில் பூசை இருபத்திநாலாம் தேதிதான், அது சரியாத்தான் இருக்கு. எங்களுக்குப் பதினோரு நாள் முன்னாடியே வந்துடுத்து. புள்ளைக்கு அப்பா உக்காந்து திவசம் பண்றார். நான் உள்ள தளிகை பண்றேன். நன்னா இருக்கு, இல்லே? பண்ணி முடிச்சு, சாப்பிட வந்தவாளை அனுப்பிச்சுட்டு, பாத்திரத்தையெல்லாம் கவுத்துட்டு, மர்பி டவுனுக்கு, ஜோசபின்மா ஆத்துக்குப் போயிட்டு வரேன்னேன். அவர் ஈஸி சேர்ல சாஞ்சுண்டிருந்தார். கண்ணைத் திறக்கலை. குடையை எடுத்துண்டு போன்னார். அவ்வளவுதான்.

அருவாமணை கிடையாதா, கத்திதானா? பரவாயில்லை, குடுங்கோ.

இந்தக் கோஸைப் பாருங்கோ. திவசத்துக்குக் கோஸ் சேர்க்கப்படாது, தெரியுமோ? இங்கிலீஷ் காய் எதுவுமே ஆகாது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் தள்ளுபடி. வாழைக்காய், கொத்தவரங்காய், பாகற்காய், இதுதான். வெங்காயம் பூண்டு கேக்கவே வேண்டாம். மிளகாய் கிடையாது, மிளகுதான். பெருங்காயம்கூட ஆகாது. காலம்பற நாலு மணிக்கு எழுந்து, ஸ்நானம் பண்ணி, ஈரப் புடவையோட கொத்தவரங்காய் நறுக்கிண்டிருக்கேன். அவன் ஜன்மத்துல கொத்தவரங்காயைத் தொட்டதில்லை ஜோசபின்மா. சின்ன வயசுல தட்டுக்கு அடியில ஒளிச்சு வெப்பான். பாகற்காயைப் பார்த்தாலே எழுந்து ஓடுவான். அவனுக்குப் பிடிக்காததையெல்லாம் வரிசையாப் பண்ணி, அவன் பேரைச் சொல்லி, வேற ஆருக்கோ பரிமாறினேன். வாத்யார் திருப்தியான்னு கேட்டார். கேக்கறது வழக்கம். வந்தவா திருப்தின்னா. அதுவும் வழக்கம். நெய் முறுகிப் போனது எனக்குத் தெரியலை. எங்காத்துக்காரர் உள்ள வந்து அடுப்பை அணைச்சார். எனக்கு ஒரு வருஷமா மூக்கே வேலை செய்யறதில்லை. டாக்டர்ட்ட போகலை. போய் என்ன சொல்றது.

என்ன? இவ்வளவு பொடிசா நறுக்கப்படாதா? முன்னாடியே சொல்லப்படாதோ! நான் பாட்டுக்குக் கறமுதுக்கு நறுக்கறாப்பல நறுக்கிட்டேன். விரல் அகலத்துக்கு நீள நீளமாவா? சரி, மிச்சப் பாதியை அப்படி நறுக்கறேன். ரெண்டும் கலந்து இருந்துட்டுப் போறது. இந்த வெங்காயத்தை நீங்கோ நறுக்குங்கோ. அழுகைக்குப் பயந்து இல்லை. எனக்கு வெங்காயத்துக்குக்கூட இப்போ கண்ணுல தண்ணி வரதில்லை. பழக்கம் இல்லை, கோணல் மாணலா வரும்.

உங்களுக்கு ஒண்ணு தெரியுமோ, ரகு இதைப் பத்தி எங்கிட்ட பொய்யே சொன்னதில்லை. தொண்ணூத்தாறுல எலெக்ட்ரானிக் சிட்டில வேலை கிடைச்சு, அங்கேயே ரூம் எடுத்துண்டான். ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வருவான். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணுவான், காயின் பாக்ஸ்லேருந்து. பின்னாடி உங்க தெருவுச் சத்தமெல்லாம் கேக்கும், எனக்கு அது உங்க தெருன்னு தெரியாது. என்னடா சாப்பிட்டேம்பேன். கோஸ் கறிம்மாம்பான். அவ்வளவுதான். எங்காத்துல கறமுதுன்னுதான் சொல்லுவோம், கறியமுது. கோஸை வதக்கி, தேங்காய் போட்டு இறக்கினா அதுதான். வெறும் கறின்னு நாங்க சொல்றதில்லை, ஐயராத்துலதான் அப்படிச் சொல்லுவா. ஏண்டா, அமுதை எங்கேடா தொலைச்சேன்னு கேட்டேன். சிரிச்சான். இந்த ஊர்ல அப்படித்தாம்மா சொல்றா, கோஸ் கறின்னுதான் பேருன்னான்.

நிஜம்தானே. கோஸும் கறியும். உங்காத்துல அது நிஜம், எங்காத்துலயும் நிஜம். ரெண்டு ஆத்துலயும் நிஜமா இருக்கற ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிச்சிருக்கான் பாருங்கோ. ரெண்டு வருஷம் அதை வெச்சே ஓட்டினான். நானும் அசடு மாதிரி அக்கம்பக்கத்துல சொல்லிண்டேன், எங்க ரகு வெளில சாப்பிட்டாக்கூடக் கோஸ் கறிதான் சாப்பிடறான்னு. வாரா வாரம் கோஸ் சாப்பிட்டா வாயுன்னு பெருங்காயத்தைப் பொடி பண்ணி, டப்பால போட்டு, பண்றவாகிட்டக் குடுடா, ஒரு சிட்டிகை போடச் சொல்லுன்னு குடுத்தனுப்பிச்சேன்.

அதோ, அந்த அலமாரியில! அது எங்காத்து டப்பாதானே? எடுங்கோ. மூடில பேர் வெட்டியிருக்கு பாருங்கோ, சீ. அனந்தலக்ஷ்மின்னு. எனக்குச் சீமந்தத்துக்கு வந்த டப்பா. போட்டேளா? சாசேஜ்ல பெருங்காயமா? ரகு சொன்னான்னா போட்டேள்? அவன் சொன்னா நீங்களும் போட்டுடுவேளா? அடக் கடவுளே. முதல் தடவை மெர்சி மூக்கைப் பொத்திண்டாளா. அப்புறம் அது இல்லாம நன்னா இல்லைன்னாளா. எனக்கு இது தெரியாதே. அவன் சொல்லவே இல்லையே. உள்ள இன்னும் பொடி இருக்கே. ஒரு வருஷமா அப்படியே இருக்கா.

ம்.

இருங்கோ, கை அலம்பிண்டு வந்துடறேன். சோப்பு வேண்டாம், தண்ணி போறும்.

இப்போ இது. நூல்ல கோத்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு தொங்கறதே. வெட்டணுமா? வெட்டறேன். அறுபத்தோரு வயசு வரைக்கும் முட்டைகூடத் தொட்டதில்லை, இப்போ ஒண்ணுமே தோணலை. தோல் உரிக்கணுமோ? வேண்டாமா? நான் வாழைக்காய்க்கு உரிக்கறாப்பல உரிச்சுட்டேனே ஒண்ணை. பரவாயில்லையா. ஃபோர்க்கால குத்தணுமா, எதுக்கு? வெடிக்குமா. ஓ. மூணு மூணு குத்து. சரி.

இதெல்லாம் உங்காத்துக்காரர்ட்ட கத்துண்டது இல்லையோ? சுவர்ல படத்துல இருக்காரே, அவர்தானே பாக்கியராஜ்? ரகு சொல்லியிருக்கான். கோலார்ல சுரங்கத்துத் துரை பங்களாவுல சமையல்காரரா இருந்தார், ஒரே சட்டியில எல்லாத்தையும் போட்டு இறக்கிட்டு, தேய்க்கறதுக்கும் ஒரே சட்டிதான்னு சொல்லுவாராமே. எங்காத்துல அப்படி ஒரு நாள் நடந்தா நான் கோயில் கட்டுவேன். இன்னிக்கு இருபத்தேழு பாத்திரம் தேய்ச்சேன்.

எண்ணெய் எங்கே? எண்ணெயே வேண்டாமா? ரெண்டு கரண்டி தண்ணி விட்டு வெச்சா தண்ணி வத்தி அதுலேருந்தே நெய் பிரியுமா. சரி, வெச்சுட்டேன். சிம்லயா? சரி.

நீங்கோ எங்காத்துல அவரைப் பத்தி என்ன நெனைச்சுண்டிருக்கேள்னு எனக்குத் தெரியும். செக்ரடேரியட்ல பெரிய உத்தியோகம் பார்த்தவர், நாமம் போட்டுண்டவர், அவர்தான் இந்தக் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்னார்னு எல்லாரும் சொல்றா. மெர்சியும் அப்படித்தான் நெனைச்சுண்டிருக்கா. நானும் யாரையும் திருத்தலை. சௌகரியமா இருந்தது. நடந்தது என்னன்னா, தொண்ணூத்தெட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை ரகு வந்து, மெர்சின்னு ஒரு பொண்ணு, கூட வேலை பாக்கறா, ரிஜிஸ்டர் பண்ணிக்கப் போறேன்னான். இவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, அவா ஆத்துல என்னடா சாப்பிடறேன்னார். கோஸ் கறின்னான். இவர் விழுந்து விழுந்து சிரிச்சார், ஜோசபின்மா. அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ்ல நாலு ஜனத்தோட பழகினவர், அவருக்குச் சட்னு புரிஞ்சுடுத்து. எனக்குப் புரியலை. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், அசடு. அப்புறம்தான் சொன்னார், அடியே, அவா பாஷையில கறின்னா மாம்சம்னு.

ரெண்டு வருஷத்துச் சனிக்கிழமையெல்லாம் கண்ணுல வந்து நின்னுது. அவன் தண்ணி குடிக்கத் தளிகை உள்ளுக்குப் போனான். நான் நிலைப்படியில கையை வெச்சு மறிச்சேன். இனிமே நீ உள்ள வராதேன்னேன். அவர் சொல்லலை. நான்தான் சொன்னேன். அவர் அன்னிக்கு ராத்திரி போறும்டி, விடுன்னார். நான் விடலை. அதுக்கப்புறமும் ரகு ஞாயித்துக்கிழமை வந்துண்டுதான் இருந்தான். கூடத்துல உக்காந்து சாப்பிடுவான், தட்டைத் தானே அலம்பி, வெளித் தொட்டிக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சுட்டுப் போவான். ஒரு நாள் முகம் கோணலை. கோணியிருந்தா நான் மாறியிருப்பேனோ என்னமோ. மெர்சியை வாசலுக்கு மேல கூப்பிட்டதில்லை. அவ கேட்டுக்கு வெளிய ஸ்கூட்டர்ல உக்காந்துண்டு ஹெல்மெட்டை மடியில வெச்சுண்டிருப்பா. மாடி ஜன்னல்லேருந்து பார்ப்பேன். அவளும் பார்ப்பா. அவ்வளவுதான்.

தண்ணி வத்திடுத்தா? நெய் விட்டிருக்கு, ஆமாம். திருப்பணுமா. இதோ. நன்னா செவந்துருக்கு. வாசனை வரதா உங்களுக்கு? எனக்கு ஒண்ணும் வரலை. வந்திருந்தா ஒருவேளை நிக்க முடியாம ஓடியிருப்பேன். இப்போ வெங்காயம். இப்போ கோஸ். மொத்தத்தையுமா? சட்டி கொள்ளுமோ? சுருங்கிடுமா, சரி. உப்பு நீங்கோ போடுங்கோ, உங்க கை அளவு. மிளகுப்பொடி நான் போடறேன். பெருங்காயம். ஒரு சிட்டிகை. கொஞ்சம் கூடவே போறது. மூடிட்டேன்.

இருங்கோ, கை அலம்பிண்டு வரேன்.

அந்த மேல் தட்டுல இருக்கே, நீல மூடி போட்ட டப்பா, அதை எடுத்துப் புழங்கறதில்லையோ? அப்படியே வெச்சிருக்கேளா. தெரியும். மெர்சி சொன்னா. ஆமாம், அவ சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு ஃபோன் பண்றா. ரகு பண்ணுவானே, அதே எட்டு மணிக்கு. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா, சாப்பிட்டேன் அத்தைம்பா. என்னன்னு சொல்ல மாட்டா. போன வாரம் விடாமக் கேட்டேன். அப்போதான் சொன்னா, வீட்டுல அதைப் பண்றதே இல்லை, அம்மா பண்ண மாட்டேங்கறா, ரகு கடைசியாச் சாப்பிட்டது அதுதான்னு டப்பாவைக்கூட வேற எதுக்கும் எடுக்க விடமாட்டேங்கறான்னு. கோயில்ல ஃபாதர்கிட்டக்கூடச் சொன்னேளாமே. புள்ளை கடைசியா என் கைச் சோத்தைத்தான் சாப்பிட்டுப் போச்சுன்னு.

மூடியைத் திறந்து பாக்கட்டுமா? இன்னும் அஞ்சு நிமிஷமா. சரி.

அந்த ஓசூர் ரோட் லாரி, ஆஸ்பத்திரி, அதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான். பதினோரு நாள். வலது கைக்கு மாவுக்கட்டு, இடது கையில ட்ரிப்ஸ். ஒண்ணும் ஆகாதவனாட்டம் நன்னாத்தான் பேசிண்டிருந்தான். பத்தாம் நாள் சாயங்காலம், டாக்டர் சாப்பிடலாம்னு சொல்லியாச்சு, நீங்கோ இந்த டப்பாவோட வந்தேள். ஒரு பாஸுக்கு ஒரு ஆள்தான்னு வாட்ச்மேன் விடலை. நான் கீழே வந்து வாங்கிண்டேன். முதல் தடவையா உங்க கையிலேருந்து ஒண்ணை வாங்கினேன். சூடா இருந்தது. இன்னிக்கு நீங்களே குடுங்க மாமின்னேள். ஞாபகம் இருக்கா?

மேல போனேன். மெர்சி வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வரேன்னு போயிருந்தா. நான் மட்டும்தான். டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுண்டுட்டான். மூடியைத் தூக்கினேன். அம்மா, கோஸ் கறின்னான். கண்ணெல்லாம் சிரிப்பு. உன் பெருங்காயம்தாம்மான்னான். எனக்கு அப்போ அது புரியலை, ஏதோ விளையாட்டுக்குச் சொல்றான்னு இருந்துட்டேன். இப்போ இந்த அலமாரியைப் பார்த்தப்புறம்தான் புரியறது. அப்புறம் கையைக் காட்டினான், ரெண்டு கையும் இப்படி இருக்கே, ஒரு வாய் ஊட்டேம்மான்னான்.

கை அலம்பிண்டு வரேண்டான்னேன்.

வார்டுக்குக் கடைசியில வாஷ்பேசின் இருக்கும், பார்த்திருப்பேள். அங்கே போய்க் குழாயைத் திறந்தேன். கையை நீட்டினேன். அலம்பினேன். திரும்பி வரக் கால் வரலை. மறுபடியும் அலம்பினேன். ஒரு ஆயா வந்து, ஏம்மா தண்ணியை வீணாக்கறேன்னா. அவளுக்கு வழி விட்டுட்டு மறுபடியும் அலம்பினேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. விரலெல்லாம் சுருங்கிப் போயிடுத்து. திரும்பி வந்தப்போ டப்பா திறந்தபடியே இருந்தது. அவன் கண்ணை மூடிண்டிருந்தான். தூங்கறானா, எனக்காகத் தூங்கறாப்பல இருக்கானான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. எழுப்பலை. அம்மாவை ரொம்பச் சங்கடப்படுத்திட்டோம்னு நெனைச்சிருப்பான், அவன் சுபாவம் அது. விடிகாலம் நாலு மணிக்கு மூச்சு முட்டறதுன்னான். ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போயிடுத்துன்னா. அப்புறம் ஒண்ணும் இல்லை.

அவன் சாப்பிடலை, ஜோசபின்மா. ஒரு வாய்கூடச் சாப்பிடலை. நான்தான் டப்பாவை எடுத்துண்டு போய், அதே வாஷ்பேசின் பக்கத்துக் குப்பைக் கூடையில கொட்டிட்டு, அலம்பித் துடைச்சு, ராத்திரி மெர்சி வந்தப்போ, எல்லாத்தையும் சாப்பிட்டுட்டான்னு குடுத்தேன். அவ சந்தோஷப்பட்டா. அவ உங்களுக்குச் சொன்னா. நீங்களும் சந்தோஷப்பட்டேள். மறுநாள் எல்லாம் ஆனதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? இதுதான் சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் எதுக்கு ஓடி ஓடிக் கை அலம்பறேள்னு நீங்கோ மூஞ்சியைப் பார்த்துண்டே இருக்கேள், அதுக்கும் பதில் இதுதான்.

ஏன் உக்காந்துட்டேள்? தண்ணி தரட்டுமா? திட்டணும்னா திட்டுங்கோ. நான் வாங்கிக்கறேன். உங்க ஆறுதலை நான் எடுத்துட்டேன், தெரியும். வருஷம் பூரா வெச்சுண்டிருந்தேன், இன்னிக்கு சாப்பிட வந்த ஸ்வாமிகள் திருப்தின்னாளே, அப்போதான் முடியலை. எனக்கு அழுகை வரலை. நீங்கோ அழுங்கோ. நான் கோஸைப் பாத்துக்கறேன்.

வெந்துடுத்து. அடி லேசாப் பிடிச்சிருக்கு. அப்படித்தான் இருக்கணுமா? கருகலா இருக்கறதுதான் அவனுக்குப் பிடிக்குமா. அதுவும் எனக்குத் தெரியாது. வினிகர் எங்கே, இதுவா? ஒரு ஸ்பூன்தானே? சரி. அணைச்சுட்டேன்.

எதுக்கு எழுந்துக்கறேள்? எங்கே... அந்த டப்பாவையா? வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். பாத்து, ஜாக்கிரதை, ஸ்டூல் ஆடறது. இதுலயா போடணும்? இந்த டப்பாலயேவா? நிஜமாத்தான் சொல்றேளா? சரி. போடறேன். ரொம்பி வழியறது. இருக்கட்டும்.

மெர்சிகிட்ட நீங்கோ சொல்றேளா, நான் சொல்லட்டுமா? அப்புறமா? சரிங்கோ சம்பந்தி. நீங்கோ சொல்றபடி. முதல்ல அவ சாப்பிடட்டும்.

கேட் சத்தம் கேக்கறது.

வாம்மா மெர்சி. ஆமாம், நான்தான். ஒண்ணும் ஆகலை, உங்க அம்மா வெங்காயம் நறுக்கினா, அதான் கண்ணு அப்படி இருக்கு. பையை அங்கே வெச்சுட்டு இங்கே வந்து உக்காரு. கோஸ் கறி. நான்தான் பண்ணினேன், பாதி பொடிசா இருக்கும். ஸ்பூன் வேண்டாம். கையா? இல்லடி, அலம்பலை. அலம்பப் போகலை, இங்கேயேதான் இருக்கேன். சூடா இருக்கு, ஊதித் தரேன். வாயைத் திற.